ஒரு மைக், இரண்டு ஆங்கில வகுப்புகள்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் ஓட்டோ ஓடுகிறவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நான் அவரை அண்ணை என்பேன். என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த நாளிலிருந்து அவர் என்னை ரீச்சர் என்பார். கழகத்துக்கு உதவி செய்கிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் ஒவ்வொரு ஆட்டத்தைப் பற்றியும் ஆங்கிலத்தில் நாலு வரி போடவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காகவே கிழமையில் மூன்று பின்னேரம், நெல்லியடியில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே நான் நடத்துகிற வகுப்புக்கு வருவார். அது வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பு; பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு நேரம்.

ஒருநாள் வகுப்பு தொடங்குமுன் போனை நீட்டினார்.

"ரீச்சர், இதை ஒருக்காப் பாருங்கோ. சரியெண்டால்தான் போடுவன்."

உதைபந்தாட்ட அரையிறுதியைப் பற்றி எழுதியிருந்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. இலக்கணமும் பரவாயில்லை. ஆனால் முதல் வரியிலேயே, 'ஞாயிற்றுக்கிழமை எங்களுடைய எனிமியைத் தோற்கடித்தோம்' என்று இருந்தது.

"அண்ணை, எனிமி எண்டால் பகைவன். பந்தடிக்கு அது வராது."

"அகராதியிலை எதிரிக்கு அதுதானே கிடக்கு?"

"எதிரிக்கு அது சரி. இவை எதிரணியெல்லோ."

கொஞ்சம் யோசித்தார். "ஓம், அதுவும் உண்மைதான். ஆட்டம் முடிய அவங்களோடை இருந்துதான் புட்டுத் திண்டனாங்கள்."

போனை வாங்கி அந்தச் சொல்லை உடனேயே அழித்தார். நானும் அவரும் எதிரி என்ற சொல்லைப் போர்க்காலத்தில், வேறு ஒலிபெருக்கிகளில் கேட்டு வளர்ந்தவர்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றைக்கு எடுக்க வைத்திருந்த பாடத்தை விட்டுவிட்டு, பலகையில் மூன்று சொற்களை எழுதினேன். ஒப்போனன்ட், கொம்பெட்டிட்டர், ரைவல். ஒப்போனன்ட் என்றால் ஆட்டத்தில் எதிரே நிற்கிற ஆள். நடுவர் விசில் ஊதினால் அந்த உறவு முடிந்தது என்றேன். கொம்பெட்டிட்டர் என்றால் நீங்கள் ஆசைப்படுகிற அதே பொருளுக்கு ஆசைப்படுகிறவர். அவருடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவே தேவையில்லை. கொழும்பில் ஒருவரும் இங்கே ஒருவரும் ஒரே வேலைக்கு விண்ணப்பம் போட்டால் போதும். ரைவல் அப்படியில்லை. அது நெடுநாள் விசயம். ஆளை ஆள் விடாமல் கவனித்துக்கொண்டிருப்பது. அதோடு, இரண்டு பேரும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். கீழே கிடக்கிற ஆளை எவரும் ரைவல் என்று சொல்வதில்லை.

"நாங்கள் எல்லாத்தையும் போட்டி எண்ட ஒரு சொல்லோடை முடிச்சிடுறம்" என்றாள் முன்வரிசை வாங்கில் இருந்த தாதி. ஆஸ்பத்திரிச் சீருடையோடு நேரே வகுப்புக்கு வருகிறவள். பிறகு பேனையால் யன்னல் பக்கம் காட்டிக் கேட்டாள். "அப்ப ரீச்சர், முன்னுக்கு வகுப்பு வைச்சிருக்கிற சேர் உங்களுக்கு ஆர்?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"கொம்பெட்டிட்டர். சும்மா கொம்பெட்டிட்டர்."

அது பொய். வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அது பொய்யென்று தெரிந்திருக்கும்.

பிள்ளைகள் சேர் என்கிற அந்த ஆசிரியர் இரண்டு வருசத்துக்கு முன் வந்தவர். குருநகர்ப் பக்கத்து ஆள். தமையன்மார் இன்னும் கடலுக்குப் போகிறார்கள் என்று சொல்லக் கேட்டிருந்தேன். மனைவிக்கு வடமராட்சியில் ஓர் அரச அலுவலகத்துக்கு இடமாற்றம் கிடைக்க, குடும்பத்தோடு வந்து, என்னுடைய வகுப்புக்கு நேர் முன்னே, தெருவின் அந்தப் பக்கம், ஒரு தளபாடக் கடைக்கு மேலே ஆங்கில வகுப்புத் தொடங்கினார். நெல்லியடியில் எத்தனையோ மேல்மாடிகள் இருக்கின்றன. இதைத்தான் பார்த்துப் பிடித்தார் என்று நினைத்தேன். ஆறு மாதத்துக்குள் என்னுடைய வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமையாகிவிட்டன.

அவருடைய பலகையில் 'பீட் த எக்ஸாம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. பீட் என்றால் வெல்வதும்தான், அடிப்பதும்தான் என்பது தெரியாதவள் இல்லை நான். ஆனாலும் வீட்டில் வந்து, "சோதினையை என்னத்தாலை அடிக்கிறதாம், பூவரசந் தடியாலையோ?" என்று கேட்டேன். என்னுடைய கணவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீரும் ஒரு பலகை போடுமன்" என்றார்.

போட்டேன். நாலு நாள் யோசித்து, 'செக்கண்ட் டு நன்' என்று எழுதுவித்தேன். எவருக்கும் இரண்டாவதல்ல என்பது அதன் பொருள். பலகை ஏறிய மறுநாள் ஒரு தாய் மகளைச் சேர்க்க வந்தா. படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டா: "ரீச்சர், நீங்களே இரண்டாவதெண்டு போட்டிருக்கிறியள். அப்ப முதலாவது முன்னுக்கு இருக்கிற ஆளோ?"

நான் அதை விளக்கினேன். அவவும் தலையாட்டினா. பிறகு தெருவைக் கடந்து போவதை யன்னலால் பார்த்தேன்.

அந்த யன்னல் எனக்கு ஒரு நோயாகவே ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு அங்கே போய் நின்று, அவருடைய வாசலில் நிற்கிற ஸ்கூட்டிகளையும் சைக்கிள்களையும் எண்ணுவேன். பதினேழு, இருபத்திரண்டு. மழை நாளென்றால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். இரண்டு வருசத்தில் அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடுவேன்.

இப்படி இருக்கையில், இறுதியாட்டத்துக்குப் பத்து நாள் கிடக்க, ஓட்டோ அண்ணை வீட்டுக்கே வந்தார்.

"ரீச்சர், ஃபைனலை நேரலையிலை விடப்போறம். அங்கத்தைப் பிள்ளையளும் பாப்பினம். தமிழுக்கு ஆள் இருக்கு. இங்கிலீசிலை நீங்கள்தான் சொல்லவேணும்."

"எனக்குப் பந்தடியைப் பற்றி என்ன தெரியும், அண்ணை?"

"இங்கிலீசு தெரியுந்தானே. பந்து தன்ரை பாட்டிலை ஓடும்."

பெருமையாக இருந்தது என்பதை மறைக்க முடியாது. ஓமென்றேன். அவர் ஓட்டோவைக் கிளப்பிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னார். எதிரணி கரையோரத் தேவாலயப் பங்கு ஒன்றின் கழகம். தங்களுடைய பக்கத்துக்கும் ஆங்கிலத்தில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அது அவர்களுடைய சொந்தப் பங்குக்காரர். நெல்லியடியில் வகுப்பு வைத்திருக்கிறவர்.

"ஆனால் ரீச்சர், ஆங்கிலத்துக்கு ஒரு மைக்தான் கிடக்கு" என்றுவிட்டு ஓடிவிட்டார்.

மாட்டேன் என்று சொல்ல இரண்டு தரம் போனை எடுத்தேன். கணவர்தான் சொன்னார்: "நீர் போகாட்டி, அந்த ஆள் தனியக் கதைக்கும். ஊர் முழுக்கக் கேக்கும்." அதற்குப் பிறகு நான் போனைத் தொடவில்லை.

காலையில் சமையல் முடிய, போனில் ஆட்டங்களைப் போட்டுப் பார்த்து, காதில் விழுந்த சொற்களை ஒரு கொப்பியில் எழுதினேன். ஆங்கிலேயர்கள் விளையாட்டில் ஒருவரையொருவர் என்னவெல்லாம் செய்கிறார்கள்! அடிக்கிறார்கள், வெளுக்கிறார்கள், நசுக்குகிறார்கள், விளிம்பில் வைத்துத் தள்ளுகிறார்கள். நாங்களும் 'அடிச்சுக் கலைச்சுப் போட்டம்' என்றுதானே சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். கொப்பியில் நாலு பக்கம் நிரம்பியது.

இறுதியாட்டத்தன்று சோளகக் காற்று. புழுதி எழும்பி மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது. தகரப் பந்தலுக்குக் கீழே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு மைக். அவர் எனக்கு முன்னமே வந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

"வாங்கோ ரீச்சர். இஞ்சாலை இருங்கோ. காத்துக்கு முதுகைக் காட்டி இருந்தால்தான் மைக்கிலை இரையாது."

சொன்னபடி கதிரையைத் திருப்பிப் போட்டுவிட்டு, சட்டைப் பைக்குள் இருந்த கைலேஞ்சியை மடித்து மைக்கின் தலையில் சுற்றி ஒரு ரப்பர் பாண்ட் போட்டார். இரைச்சல் நின்றுவிட்டது. கடற்கரையில் வளர்ந்தவருக்குக் காற்றைத் தெரிந்திருக்கிறது. நான் நன்றி சொல்லவில்லை. கொப்பியை விரித்து மேசையில் வைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் காற்று எங்கள் பக்கம். இருபது நிமிசமளவில் எங்கள் கழகம் ஒரு கோல் போட்டது. சனம் எழும்பிக் கத்தியது. நான் கொப்பியில் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, எங்கள் அணி ட்ரையம்ப் பண்ணிவிட்டது என்று ஒரு முழு வசனம் பேசினேன். அழகான வசனம்.

அவர் மைக்கைக் கையால் மூடினார். "ரீச்சர், ட்ரையம்ப் எல்லாம் ஆட்டம் முடியச் சொல்லுறது. இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு. பேந்து பக்கம் மாறக் காத்தும் எங்களுக்குத்தான் வரும்."

முகம் சுட்டுவிட்டது. ஆனால் அவர் சிரித்துச் சொல்லவில்லை. தெரியாத ஆளுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னார். அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இரண்டாம் பாதியில் அவர் சொன்னபடியே நடந்தது. எங்களுடைய கோல்கீப்பர் உயர அடித்த பந்து காற்றில் பட்டுத் திரும்பி அவருக்கே வருவதுபோல வந்தது. கரைப் பெடியள் ஒரு கோல் போட்டார்கள். கொப்பியில் இதற்கு நான் ஈக்வல் என்று எழுதி வைத்திருந்தேன். அவர் மைக்கைப் பிடித்து, இப்போது இரண்டு அணியும் லெவல் என்றார். மேசன்மாரின் ரசமட்டத்துக்கு மட்டுமே அந்தச் சொல் என்றிருந்தவளுக்கு, அது எவ்வளவு பொருத்தம் என்று பட்டது. குமிழி சரியாக நடுவில் வந்து நிற்பதுபோல. கொப்பியை எடுத்து அவருக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டேன்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் மைக்கை என்னிடம் தருமுன், பொருத்தமான சொல்லை மெல்லச் சொல்லிவிட்டுத் தந்தார். நான் அதை வசனமாக்கினேன். எப்படியோ ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. ஓட்டோ அண்ணை போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கனடாவிலிருந்து பிள்ளைகள் கைதட்டுகிற படம் அனுப்புகிறார்கள் என்று காட்டினார்.

கடைசி நிமிசத்தில் கரைப் பெடியள் இன்னொரு கோல் போட்டார்கள். நடுவர் உடனே நீள விசில் ஊதினார். பக்கத்தில் இருந்த சேர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக் கத்தினார்.

"வீ வன் தெம்! வீ வன் தெம்!"

இரண்டு வருசமாக நான் காத்திருந்த பிழை அது. ஆங்கிலத்தில் ஆட்டத்தை வின் பண்ணலாம், கோப்பையை வின் பண்ணலாம். ஆட்களை வின் பண்ண முடியாது. அப்படிச் சொன்னால் அவர்களைப் பரிசாக வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி இருக்கும். ஆட்களுக்கு பீட் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற விசயம். நாங்கள் தமிழில் நினைத்துக்கொண்டு பேசும்போது சறுக்குகிற இடமும் அதுதான். ஊரும் கேட்டுக்கொண்டிருக்கிறது, வெளிநாடும் கேட்டுக்கொண்டிருக்கிறது, என்னுடைய மாணவர்கள் பந்தலைச் சுற்றி நிற்கிறார்கள். தாதி என்னையே பார்த்தாள். அவளுக்கும் பிழை விளங்கியிருந்தது.

சேருக்குத் தான் சொன்னது பிழையென்று தெரியவில்லை. கண் கலங்கி நின்றார். தன்னுடைய பங்குப் பெடியள் மைதானத்தில் ஆளுக்கு மேல் ஆள் விழுந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு, மைக்கை என்னிடம் நீட்டினார்.

வாங்கினேன். கொப்பியை மூடி வைத்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்: "ஓம், அவர்கள் எங்களை பீட் பண்ணிவிட்டார்கள். அவர்களுக்கு இது தகும்."

கேட்கிறவர்களுக்கு அது தோற்ற பக்கத்தின் வாழ்த்து. சேர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்.

பரிசளிப்பு முடியுமட்டும் பந்தலுக்குப் பின்னால் பிளேன்ரீ கொடுத்தார்கள். நான் தனியாக நிற்க, அவர் இரண்டு கப்போடு வந்தார்.

"வின் எண்டு சொல்லிப்போட்டன், என்ன?"

"சந்தோசத்திலை வாறதுதான், சேர்."

"நேரலையிலை என்னைக் கவிட்டிருக்கலாம். நீங்கள் செய்யேல்லை."

"போன கிழமையெண்டால் செய்திருப்பன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே விளங்கியது.

அவர் சிரித்தார். அந்த மேல்மாடியை எடுத்ததற்குக் காரணம் கேட்டேன். மனைவியின் அலுவலகம் பக்கத்தில், பஸ் தரிப்பும் பக்கத்தில், அவ்வளவுதான் என்றார். நான் அங்கே இருப்பது சாவி வாங்கின பிறகுதான் தெரியுமாம்.

"உங்கடை யன்னல் திறந்திருந்தால் எனக்குப் பாடம் வடிவாக் கேக்கும். உங்கடை குரல் அப்பிடி. நீங்கள் புதுசா ஒண்டைத் தொடங்கினால், இரண்டு நாளாலை நானும் அதைத் தொடங்குவன். உங்களிட்டை இருந்து வாற பிள்ளையளுக்கு அடிப்படை நல்ல பலம்."

நான் அவருடைய ஸ்கூட்டிகளை எண்ணுவதைச் சொன்னேன். அவர் கப்பை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் எண்ணுறனான், ரீச்சர். உங்கடை சைக்கிளெல்லாம் பின்னுக்கு மதிலோடை நிக்கிறபடியாலை ஒழுங்கா எண்ணேலாமல் கிடக்கு."

அந்த நேரம் அவருடைய தமையன்மார் வந்தார்கள். வெயிலில் கறுத்த, அகன்ற தோள்களுள்ள மூன்று பேர். அவர் என்னைக் காட்டி, "இவதான் நான் சொல்லுற ரீச்சர், என்ரை ரைவல்" என்றார். மூத்தவர் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது. நான் பலகையில் எழுதி விளக்கிய அதே சொல்தான். எனக்குத்தான் அதை அவருக்குக் கொடுக்க மனம் வந்திருக்கவில்லை.

ஓட்டோ அண்ணை மட்டும் சோர்ந்துபோய் வந்தார். "ரீச்சர், தோத்துப்போனம் எண்டு எப்பிடி எழுதுறது? வெளிநாட்டுப் பிள்ளையள் வாசிக்கப் போகுதுகள்."

"ரன்னர்ஸ் அப் எண்டு எழுதுங்கோ, அண்ணை."

"அது வேண்டாம் ரீச்சர். ஓடித் தப்பினவை எண்டு விளங்கிப்போடுவினம்."

நானும் சேரும் சேர்ந்து அவருக்கு அந்தச் சொல்லை விளக்க ஐந்து நிமிசம் எடுத்தது. இரண்டு வகுப்பின் ஆசிரியர்கள் ஒரு மாணவருக்குப் பாடம் எடுப்பதைப் பார்த்துத் தாதி போனில் படமெடுத்தாள். அடுத்த நாள் அது எல்லோருடைய போனிலும் இருந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நாங்கள் பெரிதாக யோசிக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்த மாணவர்கள்தான் கேட்டார்கள், இரண்டு வகுப்புக்கும் ஆங்கிலத்தில் ஒரு விவாதப் போட்டி வைத்தால் என்னவென்று. உடுப்பிட்டியில் ஒரு சனசமூக நிலையத்தின் மண்டபத்தைக் கேட்டு எடுத்தோம். பக்கத்துக்கு ஐந்து பேர். பஸ் நல்லதா, ஸ்கூட்டி நல்லதா என்பது தலைப்பு. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் நடுவர்.

சேரின் பக்கத்தில் மூன்றாவதாக ஓர் அம்மா எழும்பினா. ஐம்பது வயதிருக்கும். பேக்கரி ஒன்றில் வேலை. மகன் வெளிநாட்டில் வேற்றுமொழிப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். மருமகளோடு கதைக்கவேண்டும் என்பதற்காகவே ஆங்கிலம் படிக்க வந்தவவாம். மேடையில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பஸ்ஸுக்காகப் பேசினா. நாலு வசனம் ஒழுங்காகப் போனது. ஐந்தாவதில் நின்றுவிட்டா. பஸ்ஸில் முதியவர்களுக்கு எழும்பி இடம் கொடுப்பார்கள் என்று சொல்ல வந்தவவுக்கு ஸீட் என்ற சொல்லே வரவில்லை. நாங்கள் நாளைக்கு நூறு தரம் சொல்கிற சொல். பயத்தில் அதுவும் போய்விட்டது. சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றா.

எதிர்ப்பக்கத்தில் இருந்த என்னுடைய தாதி தன்னுடைய கதிரையைத் தட்டி, "ஸீட், அம்மா, ஸீட்" என்றாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

தபாலதிபர் பேனையை வைத்தார். "இது விதியிலை ஏற்குமோ?"

நாங்கள் விதியொன்றும் எழுதியிருக்கவில்லை. சேர் உடனே எழும்பி, தன்னுடைய பக்கத்துக்கு இரண்டு புள்ளி வெட்டவேண்டும் என்றார். நான் எழும்பி, அது எப்படி, எங்களுடைய ஆள்தானே வாயைத் திறந்தது, வெட்டுவதென்றால் எங்களுக்கு வெட்டுங்கோ என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. "சேர், நீங்கள் எனக்கு விட்டுத் தர வேண்டாம்" என்றேன். "நான் ஒண்டும் விட்டுத் தரேல்லை, நியாயத்தைக் கதைக்கிறன்" என்றார். குரல் கூடிக்கொண்டு போனது. கடைசியில் தபாலதிபர், "நீங்கள் இரண்டு பேரும் வெளியிலை போய் முடிச்சுப்போட்டு வாங்கோ, நாங்கள் நடத்துறம்" என்றார்.

வெளியே போய் வேப்பமரத்தடியில் பத்து நிமிசம் வாதாடி, ஒருவருக்கும் வெட்டுவதில்லை என்று முடிவெடுத்துத் திரும்பினோம். எங்களுக்காக எவரும் காத்திருக்கவில்லை. அந்த அம்மா எப்பவோ பேசி முடித்திருந்தா.

அவருடைய வகுப்புத்தான் வென்றது. எனக்குக் கோபம்தான். அவருக்குக் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லும்போதும் உள்ளே கொஞ்சம் எரிந்தது. அடுத்த முறைக்கு ஆர் ஆரை விடலாம் என்று மனம் அப்போதே கணக்குப் போடத் தொடங்கியிருந்தது. என்னுடைய வகுப்பில் வாங்குகள் இன்னும் நிரம்பவில்லை. அவருடைய வாசலில் இன்னும் ஸ்கூட்டிகள் கூடத்தான் நிற்கின்றன. ஆனால் அன்றைக்கு அவருடைய வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் என்னிடம் வந்து, சனிக்கிழமைகளில் இலக்கணத்துக்கு மட்டும் வரலாமா என்று கேட்டார்கள். அவரே அனுப்பியிருந்தார்.

எல்லோரும் போன பிறகு கதிரைகளை அடுக்கிவிட்டு மண்டபத்தைப் பூட்டப் போனோம். படியில் பேக்கரி அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தா. மருமகளுக்குப் போன் எடுத்திருக்கிறா. இன்றைக்கு மேடையில் பேசினதை, பஸ்ஸை, கைதட்டினதை, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தா. சேர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். அவ இப்போதைக்கு முடிக்கிற மாதிரித் தெரியவில்லை.